பொது விளக்கு யார் பொறுப்பு? சாட்ஸ்வொர்த்தில் ஒரு பொருளாளரின் அனுபவம்

சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரியான இடங்களில் மக்களோடு சேர்ந்து வேலை செய்யும் தோழிகள் சிலர் எனக்கு உண்டு. பேசும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "உங்க ஊர் ஃப்ளாட்ஸை எப்படிச் சரிபண்ணினீங்க?" சரிபண்ணிவிட்டோம் என்று மார்தட்டும் நிலையில் நாங்கள் இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகருக்குத் தென்மேற்கே உள்ள சாட்ஸ்வொர்த்தில், மூன்று தளம் கொண்ட நான்கு கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்பு இருந்ததைவிட இப்போது அவை குடியிருக்கத் தக்கவையாக இருக்கின்றன. அவ்வளவுதான். அது எப்படி நடந்தது என்று எழுதிவைத்தால் யாருக்காவது உதவலாம்.

நான் மயிலாடுதுறைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்தேன். பகலில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதனாலேயே குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர் வேலையும் என் தலையில் விழுந்தது. ஆகவே இது பொருளாளர் பார்வை. தலைவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார், இன்னும் கொஞ்சம் வீரமாக.

இந்த இடம் எப்படி உண்டானது என்று தெரியாமல் மற்றது புரியாது. 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்களும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும், ஒப்பந்தம் முடிந்த பிறகு டர்பனைச் சுற்றிக் காய்கறி பயிரிட்டார்கள், நகராட்சி வேலைக்குப் போனார்கள், கோயில் கட்டினார்கள். கேட்டோ மேனர், கிளேர்வுட், நகராட்சித் தொழிலாளர் குடியிருந்த மேகஸின் பேரக்ஸ் எல்லாம் அப்படி உருவான இடங்கள். எந்த இனத்தார் எங்கே வசிக்கலாம் என்று கோடு போட்ட குழுப் பகுதிகள் சட்டம் 1950-ல் வந்தது. 1960-களில் அந்த மக்களையெல்லாம் கிளப்பிக் கொண்டுவந்து இங்கே கொட்டினார்கள். வெள்ளையர் பகுதிகளுக்கும் கறுப்பின மக்களின் உம்லாசிக்கும் நடுவே தடுப்பாக இந்தியர்களை வைப்பதுதான் திட்டம். பகுதிகளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. யூனிட் 1, யூனிட் 2 என்று எண் போட்டார்கள். வெஸ்ட்கிளிஃபை இன்றும் பெரியவர்கள் யூனிட் 3 என்றுதான் சொல்வார்கள்.

என் மாமியார் கேட்டோ மேனரில் பிறந்தவர். அங்கே வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் இருந்ததாம். அந்தப் பக்கத்துப் பழைய கோயில்கள் இன்னும் நிற்பதால், சாமி கும்பிட மட்டும் பழைய ஊருக்குப் போய்வருவார். ஃப்ளாட்ஸுக்கு வந்த நாளில் அவருடைய அம்மா கேட்ட முதல் கேள்வி: "வாசல் எங்கே?" மாடிப்படிக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவில் வாசல் என்று ஒன்று இல்லை. கோலம் போட இடமில்லை, துளசி வைக்க இடமில்லை. கதவுக்கு உள்ளே நம் வீடு, கதவைத் தாண்டினால் கவுன்சில், அதாவது நகராட்சி, சொத்து. பிற்பாடு இங்கே கெட்டுப்போனவற்றில் பாதிக்கு இந்த அமைப்பே காரணம் என்பது என் கருத்து.

வாடகை ஒழுங்காகக் கட்டிய காலமும் இருந்தது. டர்பனின் தையல் ஆலைகளில் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். 1990-களில் இறக்குமதித் தீர்வை குறைந்தது, வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து இறங்கியது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. சம்பளம் நின்றது, வாடகை பாக்கியும் தண்ணீர் பாக்கியும் ஏறின. 1999, 2000 வாக்கில் வெளியேற்றமும் தண்ணீர்த் துண்டிப்பும் வாசலுக்கே வந்தன. நிறவெறிக் காலப் போராளியான ஃபாத்திமா மீர் அம்மையார் அப்போது இந்தப் பக்கத்து மக்களோடு நின்றார். கறுப்பினப் பெண்களும் இந்தியப் பெண்களும் சேர்ந்து படிக்கட்டில் உட்கார்ந்து காவலரை மறித்தார்கள். எங்கள் சங்கத்தின் விதை அதுதான். ஆனால் எதிர்ப்பதற்குச் சேர்கிற கூட்டம் வேறு, பராமரிப்பதற்குச் சேர்கிற கூட்டம் வேறு. வெளியேற்றத்தை நிறுத்திய பெண்களில் பலர் பிறகு கூட்டத்துக்கே வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சண்டைக்கு ஒரு முடிவு உண்டு. சாக்கடை அடைப்புக்கு ஏது முடிவு?

அதற்குப் பிறகு வந்தது 'ஷுகர்ஸ்'. மட்டமான ஹெராயினோடு கண்டதையும் கலந்து சில்லறைக் காசுக்கு விற்கும் பொடி. 2000-களின் நடுவில் சாட்ஸ்வொர்த்தில் பரவ ஆரம்பித்து ஒரு தலைமுறைப் பையன்களையே அரித்துவிட்டது. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பொருளாளராக நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்: பித்தளைக் குழாய் காணாமல் போகும். தண்ணீர் மீட்டர் காணாமல் போகும். செம்புக் கம்பி, இரும்புக் கைப்பிடி, சாக்கடை மூடி என்று பழைய இரும்புக் கடையில் விலை போகும் எதுவும் பொது இடத்தில் தங்காது. இது தெரியாமல் போடும் எந்தத் திட்டமும் ஆறு மாதம் தாங்காது. நாங்கள் இப்போது பொது இடத்தில் பித்தளை, செம்பு, அலுமினியம் எதையும் வைப்பதில்லை. குழாய் பிளாஸ்டிக், சாக்கடை மூடி கான்கிரீட், விளக்குக் கூடும் பிளாஸ்டிக். அழகாக இருக்காது. ஆனால் இருக்கும்.

இனி, தொடங்கிய விதம். பெரிய திட்டம் எதுவும் கையில் இல்லை. பி கட்டடத்துப் படிக்கட்டில் விளக்கு எரியாமல் வருடக்கணக்காயிற்று. ராத்திரி வேலை முடிந்து வரும் நர்ஸ் பெண்கள் ஃபோன் வெளிச்சத்தில் ஏறுவார்கள். கவுன்சிலுக்கு எழுதினால் உள்விளக்கு உரிமையாளர் பொறுப்பு என்று பதில் வரும். உரிமையாளர் யார் என்று கேட்டால் பதில் வராது. மேல்தளத்து ஆயா (பாட்டிகளை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, கணக்குப் படிச்சவதானே நீ? ஒரு பல்பு எவ்வளவு ஆகும், எத்தனை வீட்டுக்கு எவ்வளவு பங்கு, எழுதிக் கொடு. நான் வாங்கித் தரேன்." எழுதிக் கொடுத்தேன். ஒரு ரொட்டி விலைகூட ஆகவில்லை. ஆயா வீடு வீடாகப் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தராதவர் வீட்டில் மட்டும், "உன் வீட்டுக்கு எதிரே உள்ளதைப் போட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாராம். அவர்களும் தந்தார்கள்.

இதில் வேலை செய்தது பணம் இல்லை. ஒவ்வொரு பல்பின் கீழும் ஒரு வீட்டு எண்ணைப் பெயிண்டில் எழுதினோம். இந்த விளக்கு எரியவில்லை என்றால் இந்த வீட்டார் சொல்ல வேண்டும். மாற்றுவது சங்கம், சொல்வது அவர்கள். அப்புறம் சாக்கடைக்கும், குப்பை மூலைக்கும், துணி காயப்போடும் கம்பிக்கும் இதே முறையைக் கொண்டுவந்தோம். 'எல்லாருக்கும் பொது' என்றிருந்தவரை எதையும் யாரும் பார்க்கவில்லை. வீட்டு எண் விழுந்ததும் பார்க்க ஆரம்பித்தார்கள். எந்த உதவித்தொகை வந்தாலும், எந்த நன்கொடை வந்தாலும் இன்று நான் கேட்கும் முதல் கேள்வி: திறப்பு விழா முடிந்த மறுநாள் இதற்கு எந்த வீட்டு எண்?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வந்த உதவிகளின் கதி தனிக்கதை. ஜூலை 18 மண்டேலா நாள். அவர் பொதுவாழ்வில் கழித்த 67 வருடங்களை நினைத்து ஆளுக்கு 67 நிமிடம் சேவை செய்ய வேண்டும் என்பது இங்கே வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் எங்கள் சுவர் எத்தனை முறை வர்ணம் பூசப்பட்டிருக்கிறது என்று கேட்டால் சிரிப்பு வரும். ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு ஒரு கம்பெனி வரும், ஈரச் சுவர் மேலேயே பூசும், சூப் ஊற்றும், படம் எடுக்கும், போகும். மழைக்காலம் முடிவதற்குள் வர்ணம் உரியும். ஒரு வருடம் ஒரு கம்பெனி ஊஞ்சலும் சறுக்கு மரமும் வைத்தது. சங்கிலி இரும்பு. ஒரு வாரத்தில் சங்கிலி போயிற்று. பலகை மட்டும் கொஞ்ச நாள் கிடந்தது, அதையும் யாரோ அடுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது நாங்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். யார் உதவ வந்தாலும் கையில் கொடுத்துவிடுவோம். அதில் முதலில் இருப்பது சாக்கடைக் குழாய் சுத்தம் செய்யும் கம்பிச் சுருள், இரண்டாவது கூரை ஒழுகலுக்கான பூச்சு, மூன்றாவது ஒரு வருட விளக்குச் செலவு. பெயிண்ட் பட்டியலிலேயே இல்லை. "ஜூலையில் வராதீங்க, அக்டோபரில் வாங்க" என்றும் சொல்வோம். பெருமழை தொடங்குமுன் சாக்கடை வேலைக்கு ஆள் தேவைப்படும் நேரம் அதுதான். பாதிக் கம்பெனிகள் அதோடு காணாமல் போய்விடும். மிச்சம் நிற்கிறவர்கள் உண்மையானவர்கள்.

காகித வேலையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். இதில்தான் பல சங்கங்கள் சாகின்றன. 1997-ஆம் ஆண்டின் லாபநோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்படி சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. விதிமுறை ஆவணம் ஒன்று எழுத வேண்டும், நிர்வாகிகள் பெயர் கொடுக்க வேண்டும். பதிவெண் கிடைத்ததும் எல்லோரும் வடை சாப்பிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 9 மாதத்துக்குள் கணக்கும் அறிக்கையும் அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் பதிவு ரத்தாகலாம். ரத்தானது தெரியாமலேயே நிதி கேட்டு விண்ணப்பித்து ஏமாந்த குழுக்களை எனக்குத் தெரியும். ஆகவே நிதியாண்டு முடியும் மாதத்திலேயே அறிக்கையை எழுதி முடித்துவிட வேண்டும், மறந்துபோக நேரமே கொடுக்கக் கூடாது என்பது என் பழக்கம்.

வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து கட்டாயம். அந்த இரண்டு பேரும் உறவினராக இருக்கக் கூடாது, ஒரே கட்டடத்தில் இருக்கவும் கூடாது. இந்த இரண்டாவது விதி எந்தச் சட்டத்திலும் இல்லை, நாங்களே போட்டது. ஒவ்வொரு மாதமும் வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி நான்கு கட்டடத்திலும் கீழ்த்தளத்தில் ஒட்டுவேன். பல்பு எத்தனை, ஹேக்ஸா பிளேடு எத்தனை, யாருக்குக் கூலி எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். யாரும் படிப்பதில்லை என்று ஆரம்பத்தில் கேலி செய்தார்கள். ஒரு மாதம் ஒட்டத் தாமதமானதும் கதவைத் தட்டி நான்கு பேர் கேட்டார்கள், அதில் இரண்டு பேர் லெவி (பராமரிப்புச் செலவுக்கு வீட்டுக்கு வீடு வசூலிக்கும் பங்கு) கட்டாதவர்கள்!

லெவி என்றதும் பெரிய சிக்கலுக்கு வர வேண்டும். நிறவெறிக் காலத்தில் அரசு கட்டிய வீடுகளை, நெடுங்காலமாக அதில் குடியிருப்பவர்கள் பெயருக்கே தள்ளுபடியில் மாற்றித்தரும் திட்டம் இங்கே உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. தனி வீட்டுக்கு அது நன்மையும்கூட. ஃப்ளாட்ஸில் கதை வேறு. பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து கூரையும் படிக்கட்டும் குழாயும் உரிமையாளர்கள் எல்லோருடைய கூட்டுப் பொறுப்பு. 'பாடி கார்ப்பரேட்' என்ற உரிமையாளர் குழு சட்டப்படி தானாகவே உண்டாகிவிடும். அது கூட்டம் போடவில்லை என்றாலும் பொறுப்பு போய்விடாது. 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, அன்றாடச் செலவுக்கு ஒரு நிதி, பெரிய பழுதுகளுக்கு என்று தனி இருப்பு நிதி, 10 வருடப் பராமரிப்புத் திட்டம் எழுத்தில், கட்டடத்துக்குக் காப்பீடு எல்லாம் வேண்டும். பென்ஷன் வாங்கும் ஆயாவிடம் போய் இதைச் சொல்லுங்கள் பார்ப்போம். வீடு நம்முடையது ஆயிற்று என்று பாயசம் வைத்தவர், ஆறே மாதத்தில் "இதுக்கு கவுன்சில் வாடகையே தேவலை" என்றார்.

எங்கள் நான்கில் இரண்டு கட்டடங்கள் இப்படிப் பத்திரம் மாறியவை. ஒன்றில் பாதி வீடுகள் மட்டும் மாறியிருக்கின்றன. இன்னொன்று முழுக்க வாடகை. ஒரு குழாய் வெடித்தால் யாரிடம் போவது என்பதற்கு நான்கு விதமான பதில். இதற்கு நாங்கள் கண்ட வழி எளிது. எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தச் சுவர் யார் பெயரில் இருக்கிறது என்று ஓய்வுபெற்ற ஒரு பிளம்பர் தாத்தாவை வைத்து வரைபடம் போட்டோம். பள்ளிப் பிள்ளைகளின் சித்திரத் தாளில் நான்கு நிறப் பேனா: சிவப்பு கவுன்சில் பொறுப்பு, நீலம் கட்டடம், பச்சை வீட்டுக்காரர், கறுப்பு தகராறு. கவுன்சில் அதிகாரி வந்தால் அந்தத் தாளை விரித்துவைப்போம். பேச்சு பாதியாகக் குறையும். ஒரு குடியிருப்பில் புதிதாக வேலை தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே கட்டாய வேலை இந்த வரைபடம்தான். மற்றதெல்லாம் உங்கள் ஊருக்கு ஏற்ப மாறும்.

லெவி வசூலில் தேதி முக்கியம். அரசு உதவித்தொகை இங்கே மாதத் தொடக்கத்தில், முதியோருக்கு முதலிலும், பிள்ளைகளுக்கானது அவர்களுக்குப் பின்னும் தருகிறார்கள். 25-ஆம் தேதி போய்க் கேட்டால் யாரிடமும் இருக்காது, கேட்பதே அவமானம். தொகை வந்த மறுநாள் வசூல் மேசை போட்டால் முக்கால்வாசி வந்துவிடும். அடுத்து, சீட்டு. நம் பெண்களுக்குச் சீட்டுப் பிடிக்கத் தெரியும், இங்குள்ள கறுப்பினத்தவரான ஸூலுப் பெண்களுக்கு அதே மாதிரிச் சேமிப்புக் குழுவான ஸ்டாக்வெல் தெரியும். இரண்டிலும் நாணயம்தான் மூலதனம். இருப்பு நிதி என்று சட்டத்தின் பெயரைச் சொன்னபோது வராத பணம், 'கூரைச் சீட்டு' என்றதும் வந்தது. எடுக்கும் முறை ஆளுக்கு இல்லை, கட்டடத்துக்கு. எந்தக் கட்டடத்துக்கு முதல் பூச்சு என்று குலுக்கிப் போட்டோம். சீட்டு டி கட்டடத்துக்கு விழுந்ததில் சி கட்டடத்தாருக்கு இன்னும் வருத்தம்.

தண்ணீர் பாக்கி உள்ளவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் வரை இலவசம் என்ற கொள்கை இந்த நாட்டில் 2001-லேயே வந்தது. பாக்கி எகிறிய வீடுகளில் போய்ப் பார்த்தால், குடித்ததும் குளித்ததும் காரணமாக இருக்காது. கழிப்பறைத் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருக்கும். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துவையுங்கள். விடியற்காலை மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் ஒழுகல். ஒரு ரப்பர் வாஷரில் தீர்கிற பிரச்சினைக்கு ஆயிரக்கணக்கான ராண்ட் கடன் ஏறிய வீடுகள் எங்கள் கட்டடங்களில் இருந்தன. எங்கள் பையன் ஒருவன், ஷுகர்ஸிலிருந்து மீண்டு வந்தவன், இந்த வாஷர் வேலையைக் கற்றுக்கொண்டு இப்போது பக்கத்து ஃப்ளாட்ஸுக்கும் போகிறான். அவன் மீண்டதற்கு நாங்கள் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவனுடைய அக்காதான் காரணம். நாங்கள் செய்தது, திரும்பி வந்த பிறகு கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தது. கொடுக்கும்போது இரண்டு பேர் எதிர்த்தார்கள்: "திருடினவன் கையிலேயே குழாயைக் கொடுக்கறீங்களா?" எதிர்த்தவர்களையே அவன் வேலைக்குச் சாட்சியாக வைத்தோம். அவன் மாற்றும் ஒவ்வொரு சாமானுக்கும் அவர்கள் கையெழுத்து. ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட அலுத்துப்போய் அவர்களே விட்டுவிட்டார்கள்.

கூட்டம் எங்கே போடுவது என்பது பேசாமல் விட்டால் ஆளைப் பிரிக்கும் விஷயம். ஆரம்பத்தில் பக்கத்துக் கோயில் மண்டபம். இலவசம், நாற்காலி உண்டு, டீ உண்டு. வந்தவர்களைப் பார்த்தால் கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களே வரவில்லை. முஸ்லிம் வீட்டார் வரவில்லை. ஸூலுக் குடும்பங்கள் வரவே இல்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி. ஆனால் வா என்று அந்த இடமும் சொல்லவில்லை. பிறகு ஏ, பி கட்டடங்களுக்கு நடுவில் துணி காயப்போடும் மைதானத்துக்கு மாற்றினோம். குளிர், காற்று, நாற்காலி கிடையாது. கூட்டம் இரட்டிப்பானது, நிற்க வேண்டியிருந்ததால் பேச்சும் சுருக்கமானது. ஆங்கிலத்தில் பேசி, ஸூலுவில் ஒருவர் சொல்வார். காது சரியாகக் கேட்காத ஆயாக்களுக்கு நான் தமிழில் சொல்வேன், அவர்கள் கேட்பதைவிடத் திட்டுவதுதான் அதிகம்.

இதன் பலன் 2021 ஜூலையில் தெரிந்தது. எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலிலும், ஜோகன்னஸ்பர்க் உள்ள கவுடெங் மாகாணத்திலும் கடைகள் சூறையாடப்பட்டன. 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே, இந்தியர் மிகுதியாக வாழும் ஃபீனிக்ஸில் தெருத் தடுப்பு போட்டு நின்றவர்கள் பலரைக் கொன்றார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தார். அந்த வாரம் எங்கள் பக்கத்திலும் டயரை அடுக்கி வழி மறித்தார்கள். பையன்கள் கையில் கம்போடு நின்றார்கள். எங்களிடம் இருந்தது ஒன்றுதான்: விளக்குக்காகத் தயாரித்த ஃபோன் பட்டியல். எந்த வீட்டில் யார், என்ன வேலை, எத்தனை மணிக்கு வருவார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆர்.கே. கான் மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வரும் ஸூலுப் பெண்களை ஒருவரும் நிறுத்தக் கூடாது என்று, பட்டியலோடு மேல்தளத்து ஆயாவைத் தடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். பையன்கள் யாரும் ஆயாவை மீறவில்லை. எல்லா இடத்திலும் இது நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். முகம் தெரியாத ஊரில் பட்டியலும் உதவாது.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழை வேறு சோதனை. டர்பனும் மாகாணத்தின் மற்றப் பகுதிகளும் சேர்த்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாட்ஸ்வொர்த்தில் சரிவில் இருந்த வீடுகள் சரிந்தன. எங்கள் கட்டடங்களில் கீழ்த்தளத்துக்குத் தண்ணீர் வந்தது, ஆனால் கணுக்கால் அளவோடு வடிந்தது. சாக்கடை மூடிகளின் மேல் வீட்டு எண் எழுதியிருந்ததால் நள்ளிரவில் எதைத் திறக்க வேண்டும் என்று யாரும் தேடவில்லை. அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீர் நின்றுபோன நாட்களில், வாளியோடு லாரிக்கு ஓடுவதற்கு முறை வைத்ததும் அதே பட்டியலிலிருந்துதான். இளம் பையன்கள் மேல்தளத்து முதியோருக்கு முதலில் ஏற்றித்தர வேண்டும். அதன் பிறகே தன் வீட்டுக்கு.

அரசிடம் கேட்பதற்கும் காலண்டர் உண்டு. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. அதற்கு 90 நாள் முன்பாக, அதாவது மார்ச் இறுதி வாக்கில், வரைவு பட்ஜெட்டை மன்றத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த சில வாரங்களில்தான் மக்கள் கருத்துக் கேட்பார்கள். ஆகஸ்டில் போய்க் கவுன்சிலரிடம் கத்தினால், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. நாங்கள் நவம்பரிலேயே எழுதிக் கொடுக்கிறோம். வார்டு கமிட்டியில் கவுன்சிலர் தவிர 10 பேர் வரை இருக்கலாம்; அதில் ஒருவராவது உங்கள் ஆளாக இருப்பது ஊர்வலம் போவதைவிடப் பலன் தரும். மனுவில் 'எங்கள் பகுதி புறக்கணிக்கப்படுகிறது' என்று எழுதாதீர்கள். எல்லா மனுவிலும் அதுதான் இருக்கிறது. புகார் எண், தேதி, படம், வரைபடத்தில் எந்தச் சிவப்புக் கோடு என்று எழுதுங்கள். எங்கள் தெருவிளக்குகளில் பெரும்பாலானவை அப்படித்தான் எரிந்தன. நாங்கள் கேட்ட தடுப்புச் சுவர் இன்னும் வரவில்லை. மூன்றாவது வருடமாக மனுவில் முதலிடத்தில் இருக்கிறது.

பயன் தராதவை பற்றி ஒரு வார்த்தை. பொது மைதானத்தில் எல்லோருக்குமாகப் போட்ட காய்கறித் தோட்டம் இரண்டு முறை அழிந்தது. ஆளுக்கு ஒரு பாத்தி, பாத்திக்கு ஒரு வீட்டு எண் என்று பிரித்ததும் மெத்தியும் பயத்தங்காயும் மிளகாயும் வந்தன. கொஞ்சம், சாட்ஸ்வொர்த்தில் உள்ள 'பங்களாதேஷ் மார்க்கெட்' என்ற சந்தைக்கு விற்பனைக்கும் போகிறது. போதை எதிர்ப்புப் பேரணி வருடா வருடம் நடக்கிறது. அதில் நடப்பவர்களைப் பார்த்துப் பொடி விற்பவனே கைதட்டுகிறான், அவ்வளவு பலன். மாலை வேளையில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரும் வகுப்பு மட்டும் வருடக்கணக்காக ஓடுகிறது. அதற்கு வெளிக்காசு கிடையாது. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையும் ஒரு கதவுச் சாவியும்தான். ஆசிரியைக்கு வயதாகிறது. அடுத்தவர் யார் என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிறது, யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பொருளாளர் பதவிக்கு அடுத்த ஆள் கிடைத்துவிட்டாள். பி கட்டடத்து ஸூலுப் பெண், கணக்கியல் படிக்கிறாள். இந்த வருடம் முழுக்க என்னோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு அடுத்த பொதுக்கூட்டத்தில் பொறுப்பேற்பதாகப் பேச்சு. வசூல் மேசையில் எழுதும் ரசீதுப் புத்தகத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்கிறாள். ஆயாக்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்களுக்குக் காகிதத்தில் நீல மையில் கையெழுத்து வேண்டும். காகிதம் கேட்பவருக்குக் காகிதம், மற்றவருக்கு ஃபோன், இரண்டின் எண்ணும் ஒரே வரிசையில் ஓட வேண்டும் என்று போன மாதம் தீர்மானம் போட்டிருக்கிறோம்.